குளத்துக்கு எத்தனை லிட்டர் பம்ப் வாங்கணும்?

முதல்ல தண்ணி அளவு பாருங்க, நீளம் அகலம் ஆழம் மூணையும் மீட்டர்ல பெருக்கி 1000-ஆல பெருக்குனா லிட்டர் வந்துரும், 3க்கு 2க்கு 1 குளம்னா 6000 லிட்டர். மீன் இருந்தா மணிக்கு ஒரு தடவையாவது மொத்த தண்ணியும் ஃபில்டர் வழியா சுத்தி வரணும், செடி மட்டும்னா ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை போதும்.

ஆனா பெட்டில போட்டிருக்க லிட்டரை நம்பிடாதீங்க!! அது உயரமே ஏத்தாம வர்ற அளவு. தண்ணி மட்டத்துலேந்து பைப் வாய் வரைக்கும் உயரம், அதோட பைப் உரசல், பெண்டு (பைப் வளைவு) எல்லாம் சேத்து ஹெட், அதாவது பம்ப் தள்ள வேண்டிய மொத்த உயரம், எவ்ளோன்னு கணக்கு போட்டு, அந்த ஹெட்ல எவ்ளோ தள்ளும்னு பம்ப் சார்ட்ல பாத்து வாங்குங்க. மணிக்கு 6000 லிட்டருக்கு ஒன்றரை இஞ்ச் பைப் போடுங்க, ஒரு இஞ்ச்ல பம்ப் திணறும். தண்ணி ஓட்டத்தைக் கொறைக்கிற வால்வு அவுட்லெட் பக்கம் மட்டும், தண்ணி உள்ள இழுக்குற சக்‌ஷன்ல அடைக்கவே கூடாது.