ட்ரோன் படத்தில் கறுப்பாகத் தெரிவதெல்லாம் கடற்புல் அல்ல

தஞ்சாவூர், புதுக்கோட்டை கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு 2022-ல் கடற்பசு காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஆவுளியா என்றும் சொல்லப்படும் இந்தக் கடற்பசு எங்கே மேய்கிறது என்று தெரிய கடற்புல் வரைபடம் வேண்டும். அதற்காக ட்ரோனோடு பாக் விரிகுடாவில் இறங்குபவர்கள் சில தவறுகளைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள்.

உச்சி வெயிலில் பறக்கவிடுவது அதில் ஒன்று. வெளிச்சம் நன்றாக இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் சூரியன் தண்ணீரில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கும் வெள்ளைத் திட்டுதான் படத்தில் விழும், அடியில் இருப்பது தெரியாது. சூரியன் அடிவானத்திலிருந்து 25 முதல் 45 பாகை உயரத்தில் இருக்கும் காலை வேளை நல்லது. காற்றும் அப்போது பெரும்பாலும் அடங்கியிருக்கும். வாடைக்காற்றுக் காலத்தில் கடல் கலங்கிக் கிடக்கும்போது போகவே வேண்டாம்.

மேலிருந்து எடுத்த படத்தையே முடிவாக நம்புவதுதான் மிகப் பெரிய தவறு. கடற்புல், பாறையில் வளர்ந்த பாசி, உதிர்ந்து அடியில் தங்கிய இலைக்குப்பை எல்லாம் வானத்திலிருந்து ஒரே கருந்திட்டாகத்தான் தெரியும். முக்குளித்து, 50 சென்டிமீட்டர் சதுரச் சட்டத்தை அடியில் வைத்து, என்ன இனம், எவ்வளவு அடர்த்தி என்று குறித்தாக வேண்டும். சரி, எங்கே முக்குளிப்பது? கருந்திட்டுகளில் மட்டும் என்றால் போதாது. வெறும் மணலாகத் தெரியும் இடத்திலும் இறங்குங்கள். ஆவுளியா விரும்பித் தின்னும் ஹாலோஃபிலா என்ற கடற்புல்லின் சின்ன இலைகள் அங்கே கலைந்து கிடக்கலாம். ட்ரோன் கண்ணில் அவை படாது. அந்த இடத்தை வெறும் மணல் என்று குறித்துவிட்டால் ஆவுளியாவின் மேய்ச்சல் நிலமே வரைபடத்திலிருந்து காணாமல் போகும்.

அப்புறம் இடக்குறிப்பு. தண்ணீருக்கு அடியில் ஜிபிஎஸ் வேலை செய்யாது. மிதவையில் கருவியைக் கட்டி, முக்குளிப்பவர் தலைக்கு நேர் மேலே வைத்திருக்க வேண்டும். அப்படியும் சாதாரணக் கருவி சில மீட்டர் தள்ளிக் காட்டும். ட்ரோன் படத்தின் ஒரு புள்ளியோ சில சென்டிமீட்டர்தான். பறக்கவிடும் முன்பே ஆழம் குறைந்த இடங்களில் வெள்ளைத் தட்டுகளை அடியில் பதித்துவிட்டால், படத்திலும் அவை தெரியும், முக்குளிப்பவருக்கும் தெரியும்; அவற்றை வைத்து இரண்டையும் பொருத்திவிடலாம்.

ராமேஸ்வரம் பக்கம் போனால் உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம் இருக்கிறது. எங்கே ட்ரோன் பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காமல் ட்ரோனை எடுக்காதீர்கள். மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா என்றால் வனத்துறை அனுமதியும் வேண்டும்.

இத்தனைக்கும் முன்னால் ஊர் மீனவர்களிடம் கேளுங்கள். எந்தத் திடலில் புல், எங்கே பாறை என்று அவர்களுக்குத் தெரியும். எங்கே முக்குளிப்பது என்பதில் பாதி அங்கேயே முடிவாகிவிடும்.