வெப்பமூட்டல் வரைபடம்: கோடு படுத்திருக்கும் இடத்தில் வரும் தவறுகள்

−20 டிகிரி செல்சியஸில் உள்ள 100 கிராம் பனிக்கட்டியைச் சூடேற்றி, முழுவதும் நீராவியாக்குகிறோம். கிடை அச்சில் கொடுத்த வெப்பம். செங்குத்து அச்சில் வெப்பநிலை. கோடு 4.2 கிலோஜூலில் 0 டிகிரியைத் தொடுகிறது. 37.6 வரை படுத்தே கிடக்கிறது. பிறகு ஏறி, 79.4-இல் 100 டிகிரியை எட்டி, மறுபடியும் 305.4 வரை படுத்துவிடுகிறது.

உருகச் செலவான வெப்பம் எவ்வளவு? பலர் 37.6 என்று எழுதிவிடுவார்கள். அது தொடக்கத்திலிருந்து கொடுத்த மொத்தக் கணக்கு. படுத்த கோட்டின் நீளம்தான் விடை: 37.6 − 4.2 = 33.4 கிலோஜூல். கொதித்து ஆவியாகவும் அப்படியே, 305.4 அல்ல, 226. சரிபார்ப்பதும் எளிது. உருகுதலின் உள்ளுறை வெப்பம் (வெப்பநிலை மாறாமல், நிலை மாற மட்டும் தேவைப்படும் வெப்பம்) கிராமுக்கு 334 ஜூல், ஆவியாதலுக்கு 2260 ஜூல். 100-ஆல் பெருக்கிப் பாருங்கள்.

இன்னொரு தவறு, கிடைக்கோட்டிலும் ‘நிறை × தன்வெப்பம் × வெப்பநிலை மாற்றம்’ என்ற சூத்திரத்தைப் போடுவது (ஒரு கிராமை ஒரு டிகிரி சூடேற்றத் தேவையான வெப்பமே தன்வெப்பம்). மாற்றம் பூஜ்ஜியம், ஆகவே வெப்பமும் பூஜ்ஜியம் என்று வந்து நிற்கும். தப்பிக்க 0-க்குப் பதில் 100 டிகிரியைப் போட்டு 41.8 எழுதுபவர்களும் உண்டு; அது நடுவிலுள்ள சாய்கோட்டின் வெப்பம். உலை கொதித்த பிறகு அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் தண்ணீர் வேகமாக வற்றுமே தவிர, சூடு ஏறாது. கொடுக்கும் வெப்பம் முழுக்க மூலக்கூறுகளைப் பிரித்தெடுப்பதில் போகிறது.

கோட்டின் நடுப்புள்ளியில் என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு ‘தண்ணீர்’ என்பது அரைகுறை பதில். முதல் கிடைக்கோட்டின் பாதியில் 50 கிராம் பனிக்கட்டி, 50 கிராம் தண்ணீர், இரண்டும் 0 டிகிரியில்.

அச்சில் எழுதியிருப்பதைப் படிக்காமல் கணக்கில் இறங்குவதும் வழக்கம்தான். கிடை அச்சு நேரமாக இருந்தால், படித்த விநாடிகளைச் சூடேற்றியின் திறனால் பெருக்க வேண்டும். வெப்ப இழப்பு இல்லையென்று கொண்டால், 500 வாட் சூடேற்றியில் உருகும் கோடு சுமார் 67 விநாடி, கொதிக்கும் கோடு 452 விநாடி. உள்ளுறை வெப்பத்தை மோலுக்கு 6.01 கிலோஜூல் என்று கொடுத்திருந்தால் முதலில் கிராமை 18-ஆல் வகுத்து மோலாக்குங்கள் (ஒரு மோல் தண்ணீர் 18 கிராம்). 6.01-ஐ நேராக 100-ஆல் பெருக்கி 601 கிலோஜூல் என்று எழுதிய விடைத்தாள்களைத் திருத்தியிருக்கிறேன். முழுப் பனிக்கட்டியையும் ஆவியாக்கவே 305.4 போதுமே!