பனிச்சரிவு: குல்மார்க் கயிற்றைத் தாண்டுகிறவர்கள் செய்யும் தவறுகள்

காஷ்மீரின் குல்மார்க்கில், கோண்டோலா எனும் கம்பிவட ஊர்தியின் இரண்டாம் கட்டம், பனிச்சறுக்க வருபவர்களை அஃபர்வாத் மலையில் ஏறத்தாழ 3,950 மீட்டர் உயரத்தில் கொண்டுபோய் இறக்கிவிடும். அங்கே ஒரு பகுதியை மட்டும்தான் ரோந்துக் குழு சோதித்து, தேவைப்பட்டால் வெடிவைத்துப் பனியைச் சரியவிட்டு, அப்புறம் திறக்கிறது. எல்லைக் கயிற்றைத் தாண்டிவிட்டால் அந்த வேலையைச் செய்ய ஆள் கிடையாது. இரண்டு பக்கமும் ஒரே பனிதானே என்று நினைப்பதுதான் முதல் தவறு. 2023 பிப்ரவரி 1 அன்று இதே மலையில் போலந்துக்காரர்கள் இருவர் பனிச்சரிவில் இறந்தார்கள். அடுத்த பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவர்.

“வெயில் வந்துடுச்சு, கிளம்பலாம்” என்பது அடுத்தது. கனத்த பனி பெய்து ஓய்ந்த முதல் ஓரிரு நாள்தான் மோசமான நேரம், வானம் பளிச்சென்று இருந்தாலும் சரி. புதுப்பனி பெய்யாமலேயே ஆபத்து கூடுவதும் உண்டு. காற்று முகட்டின் ஒரு பக்கத்துப் பனியை வாரி மறுபக்கத்தில் கொட்டி, கெட்டியான பாளமாக்கிவிடும். பார்க்க வழவழவென்று சறுக்கக் கூப்பிடும் இடம் பெரும்பாலும் அதுதான்.

உண்மையான சிக்கல் மேலே தெரிவதில்லை. குளிர்கால ஆரம்பத்தில் விழுந்த மெல்லிய பனி, கடுங்குளிர் இரவுகளில் உள்ளுக்குள் உருமாறி, சீனி மாதிரி தனித்தனி மணிகளாகிவிடுகிறது. குழி தோண்டி அடியிலிருந்து ஒரு கை அள்ளிப் பிடித்துப் பாருங்கள். உருண்டையாகாது, விரலிடுக்கில் பொலபொலவென்று கொட்டும். அதன் மேல்தான் கெட்டிப் பாளம் உட்கார்ந்திருக்கிறது. ஒரு ஆளின் எடை போதும், அடிமணிகள் நொறுங்கிப் பாளம் மொத்தமும் நழுவ. காலடியில் ‘தும்’மென்று அமுங்கும் சத்தம் கேட்டாலோ, பனிச்சறுக்குப் பலகையின் நுனியிலிருந்து விரிசல் ஓடினாலோ விவாதம் வேண்டாம், வந்த வழியே திரும்புங்கள்.

முன்னால் போனவரின் தடத்தை நம்புவதும் இந்த இடத்தில்தான் ஏமாற்றும். ஒன்பது பேரைத் தாங்கிய பாளம், பத்தாவது ஆள் மெல்லிய இடத்தில் கால்வைத்ததும் உடையலாம்.

சாய்வைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். பெரும்பாலான பாளச்சரிவுகள் 30 முதல் 45 டிகிரி சாய்வில் நடக்கின்றன, போனிலேயே அளக்கலாம். தட்டையான இடத்தில் நிற்கிறோம் என்ற தெம்பும் போதாது. மேலே செங்குத்துச் சரிவு இருந்தால் கீழே நடக்கும்போதே அது கிளம்பிவிடலாம். ஆபத்தான சரிவை ஒவ்வொருவராகக் கடக்க வேண்டும். நடுவில் கூட்டமாக நின்று செல்ஃபி எடுப்பவர்களை என்ன சொல்வது!

பனிச்சரிவு ஆபத்தை ஒன்று முதல் ஐந்து வரை சொல்லும் எச்சரிக்கை அளவில் ஐந்துக்கு மூன்று என்றால் நம் கணக்குக்குப் பாஸ் மார்க் போலத் தெரியும். ஆனால் ஆல்ப்ஸ் மலைகளில் அதிக உயிர்கள் போவது அந்த மூன்றில்தான்.

அனுபவசாலி கூட வருகிறார் என்பதும் காப்பாகாது. 2022 அக்டோபர் 4 அன்று உத்தராகண்டின் திரௌபதி கா டண்டா சிகரத்தில் பனிச்சரிவில் சிக்கியது மலையேற்றப் பயிற்சி நிறுவனக் குழுவேதான். இறந்தவர்களில் பயிற்சியாளர் சவிதா கன்ஸ்வாலும் ஒருவர். அதே வருடம் மே மாதம்தான் எவரெஸ்ட்டையும் மகாலுவையும் ஏறி முடித்திருந்தார்.

மீட்புக் குழு வரும் என்று காத்திருக்க நேரம் இல்லை. புதைந்தவரை முதல் கால் மணி நேரத்துக்குள் எடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு நன்றாகவே இருக்கும், அதற்குப் பிறகு மளமளவென்று சரிந்துவிடும். ஆகவே ஒவ்வொருவரிடமும் டிரான்ஸீவர் (புதைந்தவர் இருக்கும் இடத்தைக் காட்ட சிக்னல் அனுப்பி வாங்கும் கருவி), பனிக்குள் குத்தித் துழாவும் கம்பி, உலோக மண்வாரி மூன்றும் வேண்டும். டிரான்ஸீவரை போனோடு ஒட்டி வைக்காதீர்கள், சிக்னல் குழம்பும். கம்பி ஆளைத் தொட்டதும் நேர்கீழே தோண்டுகிறார்கள் பலர். அப்படித் தோண்டினால் புதைந்தவர் தலைமேலேயே ஏறி நிற்பீர்கள். கம்பியை அப்படியே விட்டுவிட்டு, சற்றுக் கீழே இறங்கி, பக்கவாட்டில் குடைந்து உள்ளே போங்கள்.