கூகுளில் தேடாதீர்கள், டெஸ்க்டாப்பில் வையுங்கள்: பிரிட்டனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

பிரிட்டனுக்கு வந்து இறங்கிய முதல் இரண்டு மாதத்தில் அரசாங்கத் தளங்களை எத்தனை தடவை திறக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். இ-விசா பார்க்க ஒரு தடவை. வேலை கொடுப்பவருக்கு ஷேர் கோடு (உங்கள் விசா உரிமையை அவர் இணையத்தில் சரிபார்க்க நீங்கள் கொடுக்கும் குறியீடு), வீட்டுக்காரருக்கு இன்னொரு ஷேர் கோடு. வேலைக்கும் வரிக்கும் வேண்டிய நேஷனல் இன்சூரன்ஸ் எண், குடும்ப மருத்துவரான ஜிபியிடம் பதிவு, உள்ளாட்சிக்குக் கட்டும் கவுன்சில் டாக்ஸ், வண்டி பழகுவதற்கான புரொவிஷனல் லைசென்ஸ். ஒவ்வொரு தடவையும் கூகுளில் தட்டித் தேடி, மேலே வந்து நிற்பதைக் கிளிக் செய்கிறோம். பணம் போவது அந்த ஒரு கிளிக்கில்தான்.

அண்மையில் வந்த மாணவர் ஒருவர் வீடு மாறியதும் லைசென்ஸில் முகவரி மாற்ற ஒரு வார மளிகைக் காசைக் கட்டியிருக்கிறார். அந்த வேலைக்கு ஓட்டுநர் உரிமத் துறையான டிவிஎல்ஏ ஒரு பென்ஸ்கூட வாங்குவதில்லை. அவர் கட்டியது அரசாங்கத்துக்கு அல்ல. அரசாங்கத் தளம் மாதிரியே நிறமும் எழுத்தும் வைத்துக்கொண்டு இடையில் உட்கார்ந்திருக்கும் ஒரு தனியார் தளத்துக்கு.

நம் ஆட்கள் இதில் எளிதாகச் சிக்குவதற்குக் காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டில் சாதிச் சான்றிதழோ வருமானச் சான்றிதழோ வேண்டுமென்றால் இ-சேவை மையத்தில் சேவைக் கட்டணம் கொடுத்துத்தான் பழக்கம். யாழ்ப்பாணத்தில் கொமினிகேசன் கடைக்காரர் படிவம் நிரப்பித் தந்தால் அவருக்கு ஏதோ கொடுப்போம். அரசாங்க வேலை என்றால் இடையில் ஒருவருக்குக் காசு என்பது நமக்கு இயல்பான விஷயம். அதனால் இங்கே ஒரு தளம் ‘பரிசீலனைக் கட்டணம்’ என்று கேட்டால் சந்தேகமே வருவதில்லை. ஆனால் ஊர்க் கடைக்காரர் நமக்காக உட்கார்ந்து டைப் அடித்தார். இந்தத் தளத்தில் டைப் அடிப்பதும் நாம்தான். அதே விவரத்தை அது அரசாங்கத் தளத்துக்குத் தள்ளிவிடுகிறது, அவ்வளவுதான். சில சமயம் அதுவும் நடப்பதில்லை.

எது இலவசம் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஷேர் கோடு இலவசம். விசாத் துறையான யூகேவிஐயில் உள்ள உங்கள் கணக்கில் புதிய பாஸ்போர்ட் எண்ணைச் சேர்ப்பது இலவசம். நேஷனல் இன்சூரன்ஸ் எண்ணுக்கு விண்ணப்பிப்பது இலவசம். ஜிபியிடம் பதிவது இலவசம். ஐரோப்பா போகும்போது வைத்துக்கொள்ளும் ஜிஹெச்ஐசி மருத்துவ அட்டை, தகுதி உள்ளவர்களுக்கு இலவசம். லைசென்ஸில் முகவரி மாற்றமும் இலவசம். மாற்றாமல் விட்டால்தான் 1,000 பவுண்டு வரை அபராதம். கட்டணம் உள்ளவற்றுக்கும் தொகை நிலையானது: புரொவிஷனல் லைசென்ஸுக்கு ஆன்லைனில் 34 பவுண்டு, கார் தியரி தேர்வுக்கு 23 பவுண்டு. இதற்கு மேல் ஒரு தளம் கேட்டால் நீங்கள் தவறான இடத்தில் நிற்கிறீர்கள்.

இந்தத் தளங்களை முழு மோசடி என்றும் பிடிக்க முடியாதபடி அமைத்திருக்கிறார்கள். பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ‘நாங்கள் அரசுத் துறை அல்ல’ என்று இருக்கும். பணம் கட்டும் இடத்தில் ‘சேவையை உடனே தொடங்க ஒப்புக்கொள்கிறேன்’ என்று ஒரு டிக் கட்டம் இருக்கும். அதைப் போட்டுவிட்டால், 14 நாளுக்குள் ரத்துசெய்யும் உரிமையை நீங்களே விட்டுக்கொடுத்துவிட்டீர்கள் என்று பிறகு வாதாடுவார்கள்.

இதற்கு மருந்து எளிது. சரியான தளத்தை ஒரே ஒரு தடவை ஒழுங்காகக் கண்டுபிடித்து, டெஸ்க்டாப்பில் ஷார்ட்கட்டாக வைத்துவிடுங்கள். அதன் பிறகு அந்த வேலைக்குத் தேடுபொறிப் பக்கமே போகாதீர்கள்.

அந்த ஒரே தடவையை எப்படிச் செய்வது? பிரவுசரின் முகவரிப் பட்டியில் அரசாங்கத் தளத்தின் முகவரியை, ஜி-ஓ-வி, புள்ளி, யூ-கே என்று நீங்களே ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டுங்கள். நடுவில் இடைவெளி விழுந்தாலோ புள்ளி விட்டுப்போனாலோ பிரவுசர் அதைத் தேடும் சொல்லாக எடுத்துக்கொண்டு விளம்பரங்களோடு வந்து நிற்கும். அழித்துவிட்டுத் திரும்ப அடியுங்கள். தளம் திறந்ததும் அதற்குள்ளேயே இருக்கும் தேடல் கட்டத்தில் வேண்டியதைத் தேடுங்கள். அங்கே விளம்பரம் கிடையாது.

வேறு வழியில் ஒரு பக்கத்துக்கு வந்திருந்தால் முகவரியைப் படிக்கத் தெரிய வேண்டும். ஆரம்பத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிடுங்கள். அதற்கு அடுத்து வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டில் விரலை வையுங்கள். அந்தக் கோட்டின் இடப்பக்கம் ஒட்டினாற்போல் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் தளத்தின் சொந்தக்காரர். அங்கே ‘புள்ளி ஜிஓவி புள்ளி யூகே’ என்று முடிந்தால் அரசாங்கம். புள்ளிக்குப் பதில் நடுக்கோடு போட்டு ‘ஜிஓவி-யூகே’ என்று இருந்தாலோ, ஜிஓவி யூகே முன்னால் வந்து கடைசியில் ‘காம்’ என்று முடிந்தாலோ அது வேறு ஆள். பூட்டுப் படத்தை நம்பாதீர்கள். பூட்டு என்றால் இடையில் யாரும் படிக்க முடியாதபடி இணைப்பு மறையாக்கப்பட்டது என்றுதான் பொருள். யாருடைய தளம் என்று அது சொல்லாது. கவுன்சில் தளங்களும் லண்டன் போக்குவரத்துக்கான டிஎஃப்எல் தளமும் ஜிஓவி யூகே என்றே முடியும். இங்கிலாந்தில் பொது மருத்துவச் சேவையான என்ஹெச்எஸ்ஸின் தளம் மட்டும் என்ஹெச்எஸ் யூகே என்று முடியும்.

இனி ஷார்ட்கட். விண்டோஸில் சுலபமான வழி இழுத்துப் போடுவது. பிரவுசர் ஜன்னல் திரை முழுக்க இருந்தால், மேலே வலது மூலையில் பெருக்கல் குறிக்குப் பக்கத்திலுள்ள சதுரத்தை அழுத்திச் சிறிதாக்குங்கள். டெஸ்க்டாப் கொஞ்சம் தெரிய வேண்டும். முகவரியின் இடப்பக்கம் உள்ள சின்னத்தை மவுஸால் பிடித்து டெஸ்க்டாப்பில் விடுங்கள். ஃபயர்ஃபாக்ஸின் பல பதிப்புகளில் அது பூட்டு. குரோமில் 2023-இல் பூட்டை எடுத்துவிட்டு இரண்டு கோடும் இரண்டு வட்டமுமாக ஒரு சின்னம் வைத்திருக்கிறார்கள். இரண்டுமே இழுத்தால் வரும்.

இழுக்க வரவில்லை என்றால் டெஸ்க்டாப்பில் காலி இடத்தில் வலது கிளிக், ‘நியூ’, ‘ஷார்ட்கட்’. வரும் கட்டத்தில் முகவரியை ஒட்டி, ‘நெக்ஸ்ட்’, பெயர் கொடுத்து ‘ஃபினிஷ்’. மேக்கில் சஃபாரி முகவரியைப் பிடித்து டெஸ்க்டாப்பில் இழுத்தால் போதும். ஆண்ட்ராய்டு குரோமில் மூன்று புள்ளி மெனுவிலும், ஐபோன் சஃபாரியில் ஷேர் பொத்தானிலும் ‘ஆட் டு ஹோம் ஸ்க்ரீன்’ இருக்கும்.

பெயரைத் தமிழில் வையுங்கள். தளம் தானாக வைக்கும் நீளமான ஆங்கிலத் தலைப்பு டெஸ்க்டாப்பில் பாதி வெட்டுப்பட்டு எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். ஐகானை ஒருமுறை கிளிக் செய்து எஃப்2 அழுத்தி, ‘வேலைக்கு ஷேர் கோடு’, ‘வீட்டுக்கு ஷேர் கோடு’, ‘குப்பை நாள்’ என்று எழுதுங்கள். விண்டோஸ் தமிழை ஏற்கும். சாய்கோடு, கேள்விக்குறி, முக்காற்புள்ளி ஆகியவற்றை ஏற்காது. ஊரிலிருந்து வந்து தங்கும் அம்மா அப்பாவும் படித்துத் திறந்துகொள்ளலாம்.

அடிக்கடி தேவைப்படுவதற்கு விசைப்பலகை வழியும் உண்டு. ஐகானில் வலது கிளிக் செய்து ‘பிராப்பர்ட்டீஸ்’ போய், ‘ஷார்ட்கட் கீ’ கட்டத்தில் ஓர் எழுத்தை அழுத்தினால் கன்ட்ரோல், ஆல்ட் இரண்டோடும் சேர்த்து அது பதிவாகும். ஐகான் டெஸ்க்டாப்பில் இருக்கும்வரை வேலை செய்யும். வேறு ஃபோல்டருக்குள் தள்ளினால் நின்றுவிடும்.

பலரும் தவறுவது எந்தப் பக்கத்தில் நின்றுகொண்டு ஷார்ட்கட் எடுப்பது என்பதில். உள்ளே நுழைந்து, கடவுச்சொல் கொடுத்து, வேண்டிய பக்கம் வந்த பிறகு எடுக்கிறார்கள். அந்த முகவரி அந்த நேரத்து நுழைவுக்கு மட்டும் உரியது. மறுநாள் திறந்தால் ‘நேரம் முடிந்துவிட்டது’ என்றோ பிழை என்றோ வரும். உடனே ஷார்ட்கட் கெட்டுவிட்டது என்று அழித்துவிட்டுத் திரும்பக் கூகுளுக்கே போவார்கள். போலித் தளம் அங்கேதான் காத்திருக்கிறது. எனவே உள்ளே போகும் முன் நில்லுங்கள். அரசாங்கச் சேவை ஒவ்வொன்றுக்கும் ஒரு தொடக்கப் பக்கம் இருக்கிறது. பெரும்பாலும் அதில் ‘ஸ்டார்ட் நவ்’ என்று பச்சைப் பொத்தான் இருக்கும். அந்தப் பொத்தானை அழுத்துவதற்கு முன்னால், அந்தப் பக்கத்திலேயே எடுங்கள். உள்ளே அமைப்பை எத்தனை தடவை மாற்றினாலும் தொடக்கப் பக்கம் உங்களைச் சரியான இடத்துக்குக் கொண்டுபோகும்.

இன்னொன்று. குரோமும் எட்ஜும் ஒரு தளத்தைச் செயலி மாதிரி நிறுவிக்கொள்ளச் சொல்லும். பார்க்க அழகாக இருக்கும்; ஆனால் அந்த ஜன்னலில் முகவரிப் பட்டி இருக்காது. முகவரியைப் படித்துச் சரிபார்ப்பதுதான் நமக்குப் பாதுகாப்பு என்னும்போது அதை மறைக்கும் வசதி எதற்கு? பாட்டுக்கும் செய்திக்கும் அப்படி வைத்துக்கொள்ளுங்கள். வங்கிக்கும் அரசாங்கத்துக்கும் சாதாரண ஷார்ட்கட்தான். வாட்ஸ்அப் குழுவில் யாரோ அனுப்பிய லிங்கிலிருந்தும் எடுக்காதீர்கள், அனுப்பியவர் சொந்தச் சித்தப்பாவாக இருந்தாலும்.

எவற்றை வைப்பது? இ-விசா பக்கம் முதலில். ஷேர் கோடு வேலைக்கு வேறு, இங்கிலாந்தில் வாடகை வீட்டுக்கு வேறு. வேலைக்கானது டபிள்யூ என்ற எழுத்திலும் வாடகைக்கானது ஆர் என்ற எழுத்திலும் தொடங்கும். ஒன்பது எழுத்துகள், 90 நாள் செல்லும். தவறானதைக் கொடுத்தால் திருப்பி அனுப்புவார்கள் என்பதால் இரண்டுக்கும் தனித்தனி ஐகான் வேண்டும். அடுத்து வரித் துறையான ஹெச்எம்ஆர்சி-யின் பெர்சனல் டாக்ஸ் அக்கவுன்ட். கூடப் பிடித்த வரியைத் திரும்பக் கேட்க அங்கே காசில்லை. இடைத்தரகர் தளங்களோ வரும் தொகையில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ளும். பிறகு உங்கள் கவுன்சிலின் கவுன்சில் டாக்ஸ் பக்கம். வீட்டில் எல்லோரும் முழுநேர மாணவர்கள் என்றால் விலக்குக்கு விண்ணப்பிப்பதும் அங்கேதான். உங்கள் ஜிபி சர்ஜரியின் தளம். இந்திய, இலங்கை லைசென்ஸில் இங்கே 12 மாதம்தான் ஓட்டலாம் என்பதால் டிவிஎல்ஏ பக்கத்தையும் இப்போதே வைத்துவிடுங்கள்.

லண்டனில் பழைய கார் வாங்குகிறவர்கள் டிஎஃப்எல்லின் கட்டணப் பக்கத்தைக் கட்டாயம் வையுங்கள். யூலெஸ் என்ற லண்டன் புகைக் கட்டுப்பாட்டு வலயத்தின் தரத்துக்கு உட்படாத வண்டிக்கு நாளுக்கு 12.50 பவுண்டு, ஓட்டிய நாளிலிருந்து மூன்றாம் நாள் நள்ளிரவுக்குள் கட்ட வேண்டும். இடைத்தரகர் தளத்தில் கூடுதலாகக் கட்டி, அவர்கள் நேரத்துக்குச் செலுத்தாமல் விட்டால் 180 பவுண்டு அபராதச் சீட்டு உங்கள் பெயருக்குத்தான் வரும். 14 நாளுக்குள் கட்டினால் அது 90. இடையில் பணம் வாங்கிய தளம் பொறுப்பேற்காது.

ஷார்ட்கட்டில் கடவுச்சொல் இருக்காது. அது வெறும் முகவரி. ஆனால் பிரவுசர் சேமித்த கடவுச்சொல் இருந்தால் ஐகானை அழுத்துகிற யாரும் உள்ளே போகலாம். பகிர்ந்து தங்கும் வீட்டின் பொதுக் கணினியிலும் நூலகத்திலும் சேமிக்காதீர்கள். அலுவலக லேப்டாப்பில் வேலைக்கான தளங்கள் மட்டும் போதும். வேலை மாறும் அன்று அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

ஏற்கெனவே கட்டிவிட்டீர்களா? இன்றே அந்தத் தளத்துக்கு மின்னஞ்சலில் ‘ரத்து செய்கிறேன், பணத்தைத் திருப்பித் தரவும்’ என்று எழுதி அனுப்புங்கள். தொலைபேசியில் மட்டும் பேசி விட்டுவிடாதீர்கள். பணம் கட்டிய பக்கத்தையும் ரசீதையும் படம் பிடித்து வைத்துக்கொண்டு வங்கியை அழையுங்கள். கார்டின் பின்பக்கம் உள்ள எண், அல்லது 159; பெரும்பாலான வங்கிகளுக்கு அந்த எண்ணே இணைப்பு தரும். இப்படிப்பட்ட தளத்துக்கு இழுக்கும் எஸ்எம்எஸ் வந்திருந்தால் அதை 7726 என்ற எண்ணுக்கு அனுப்பிவிடுங்கள், காசு பிடிக்காது. பிறகு உண்மையான தளத்துக்குப் போய் விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள். பல சமயம் சேர்ந்திருக்காது, நீங்களே திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். அதை முடித்த கையோடு அந்தத் தொடக்கப் பக்கத்தின் சின்னத்தைப் பிடித்து டெஸ்க்டாப்பில் இழுத்துவிடுங்கள்.