கூரை வெட்டிய கார்கள்: கன்வர்ட்டிபிள் கன்வர்ஷன் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கூப்பே, அதாவது நிரந்தரக் கூரையுள்ள இரண்டு கதவு கார் ஒன்றின் கூரையை வெட்டி எடுத்துவிட்டுத் துணி டாப் மாட்டினால், கூரையை மடித்துத் திறக்கிற கன்வர்ட்டிபிள் ரெடி என்றுதான் நிறைய பேர் நினைக்கிறார்கள். இப்படி மாற்றிய பழைய கன்வர்ஷன் கார்களை வாங்கும்போதும் அவற்றைப் பற்றிப் பேசும்போதும் வருகிற பாதித் தவறுகள் இந்த ஒரு நினைப்பிலிருந்துதான் கிளம்புகின்றன, அதனால் முதலில் இதைப் பார்த்துவிடலாம்.

செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மூடியைப் போட்டுச் சுற்றிலும் டேப் ஒட்டி, இரண்டு முனையையும் பிடித்து ஈரத்துணி பிழிவதுபோல முறுக்கிப் பாருங்கள், லேசில் அசையாது. மூடியைக் கழற்றிவிட்டு அதையே செய்தால் கையிலேயே நெளியும். காரும் அப்படித்தான். அந்தக் காலத்து கார்களுக்கு அடியில் தனியாகக் கனமான ஒரு சேசிஸ் இருந்தது, பாரத்தை அதுவே சுமந்தது, அதனால் மேலே பாடியைத் திறந்து வைத்தாலும் மூடி வைத்தாலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. சேசிஸும் பாடியும் ஒரே கூடாக வெல்டிங் ஆகி வந்த மோனோகாக் கார்களில் கூரையும் எலும்புக்கூட்டில் ஒரு பகுதி. அதை வெட்டினால் அந்த வேலையை வேறு ஏதாவது செய்தாக வேண்டும்: கதவுக்குக் கீழே ஓடுகிற ‘சில்’ என்ற அடிச்சட்டத்துக்குள் தடித்த தகடு, தரைக்கு அடியில் குறுக்குச் சட்டங்கள், முன்கண்ணாடியைத் தாங்கும் பில்லருக்குள் இரும்புக் குழாய். கூரை போனால் எடை குறையும், கார் பறக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒழுங்காகச் செய்த கன்வர்ட்டிபிள் பெரும்பாலும் அதே மாடல் கூப்பேயைவிட எடை கூடுதலாகத்தான் இருக்கும்.

அடுத்தது வரலாற்றில் வருகிற தவறு. "அமெரிக்காவில் 1976-ல் கன்வர்ட்டிபிளைத் தடை செய்துவிட்டார்கள், அதனால்தான் கன்வர்ஷன் கம்பெனிகள் முளைத்தன" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். தடை என்று ஒன்று வரவே இல்லை. கார் உருண்டால் உள்ளே இருப்பவரைக் காக்கக் கடுமையான விதி வரப்போகிறது என்ற பயம் இருந்தது உண்மை, ஆனால் 1973-ல் அமலுக்கு வந்த கூரை வலிமை விதியிலேயே கன்வர்ட்டிபிளுக்கு விலக்கு உண்டு. ஏசி பரவியது, நெடுஞ்சாலையில் வேகம் கூடியது, திறந்த கார் வாங்குபவர்கள் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே போனார்கள். 1976 ஏப்ரலில் கேடிலாக் கடைசி எல்டொராடோ கன்வர்ட்டிபிளைத் தயாரித்தது, அதில் கடைசி 200 கார்கள் ஒரே மாதிரி வெள்ளை நிறம். "இனிமேல் கிடைக்காது" என்று நம்பி வாங்கிப் பூட்டி வைத்தவர்கள், 1984 மாடலில் அதே பெயரில் கன்வர்ட்டிபிள் திரும்பி வந்ததும் வழக்கே போட்டார்கள். அந்த 1984 காரும் கூப்பேயாகப் பிறந்து, வெளியே ஏஎஸ்சி நிறுவனத்தில் கூரை வெட்டப்பட்டதுதான்.

இங்கேதான் மூன்றாவது தவறு வருகிறது, எனக்கு அதிகம் வருத்தம் தருவதும் இதுதான். "கம்பெனி செய்தது ஒரிஜினல், வெளியே செய்தது ஒட்டுவேலை" என்று கோடு போட்டுவிடுகிறார்கள். அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள், கிடைக்காது. ஜெர்மனியிலிருந்து வந்த ஹைன்ஸ் பிரெக்டர் 1965-ல் லாஸ் ஏஞ்சலஸில் சன்ரூஃப் மாட்டும் தொழிலாக ஆரம்பித்ததுதான் ஏஎஸ்சி. 1983-ல் ஃப்ராங்க்ஃபர்ட் கண்காட்சியில் சாப் 900 கன்வர்ட்டிபிளின் மாதிரி நின்றபோது அதைச் செய்து கொடுத்திருந்ததும் அவர்கள்தான். கிரைஸ்லரின் 1982 லெபாரோன் கன்வர்ட்டிபிள்கூட முதலில் மிச்சிகனில் கார்ஸ் அண்ட் கான்செப்ட்ஸ் என்ற வெளி நிறுவனத்தின் கையில்தான் உருவானது. ஷோரூமில் கம்பெனி வாரண்டியோடு விற்றதால் மட்டும் அது வேறு பிறவி ஆகிவிடாது.

அமெரிக்காவோடு கதையை நிறுத்திவிடுவதும் தவறு. இங்கிலாந்தில் கென்ட் பகுதியின் க்ரேஃபோர்ட் நிறுவனம் 1960-களிலேயே மினி, ஃபோர்டு கார்டினா எல்லாவற்றையும் கூரை வெட்டித் திறந்துகொண்டிருந்தது. 1966-ல் ஹைன்ஸ் உணவு நிறுவனம் நடத்திய போட்டியில் பரிசாகக் கொடுத்த 57 வோல்ஸ்லி ஹார்னெட் கன்வர்ட்டிபிள்களும் அங்கே வெட்டியவைதான்.

சரி, வாங்கும் விஷயத்துக்கு வருவோம். பெயரைப் பார்த்து ஏமாறுவது இங்கே பெரிய ஆபத்து. ஃபெராரி 365 ஜிடிபி/4, எல்லோரும் டேடோனா என்று அழைக்கிற கார், கம்பெனியிலிருந்து திறந்த ஸ்பைடராக வந்தது சுமார் 120 மட்டுமே. அப்புறம் கலிஃபோர்னியாவில் ரிச்சர்ட் ஸ்ட்ராமன் உட்படப் பலர் கூப்பேயை ஸ்பைடராக மாற்றினார்கள். அடியில் இரும்புக் குழாய்ச் சட்டம் உள்ள கார் என்பதால் வேலை நன்றாகவே அமைந்தது, வெளியே பார்த்தால் கண்டுபிடிப்பது கஷ்டம், ஆனால் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். சேசிஸ் எண்ணைச் சரிபார்க்காமல் "ஸ்பைடர்" என்ற சொல்லுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

ஜாகுவார் எக்ஸ்ஜே-எஸ் இன்னொரு விதம். 1988-ல் கம்பெனியே கன்வர்ட்டிபிள் கொண்டு வருவதற்கு முன், அமெரிக்காவின் ஹெஸ் அண்ட் ஐசன்ஹார்ட் 1986 முதல் அதை மாற்றிக் கொடுத்தது. மடித்த டாப் ஆழமாக உள்ளே இறங்க இடம் வேண்டும் என்று ஒரே பெட்ரோல் டேங்கை எடுத்துவிட்டு இரண்டாக வைத்தார்கள். பார்க்க அழகு. ஆனால் பின்னால் கம்பெனியே செய்த காரின் டாப் உதிரிகள் அப்படியே பொருந்தும் என்று நினைத்து வாங்கினால் மாட்டிக்கொள்வீர்கள்.

காரைப் பார்க்கப் போனால் டாப் துணியைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பி வராதீர்கள், துணி மாற்றிக்கொள்ளலாம். கதவு இடைவெளியைப் பாருங்கள். கதவுக்கும் பின்பக்க பாடிக்கும் நடுவே ஓடுகிற அந்தச் சின்னக் கோடு மேலே குறுகி, கீழே அகலமாக இருந்தால் வண்டி நடுவில் தொங்கிவிட்டது என்று அர்த்தம். அப்புறம் ஒரு பக்க முன்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, அந்தப் பக்கக் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். பூட்டு நாக்கு இடித்தாலோ கதவைத் தூக்கி மூட வேண்டியிருந்தாலோ, அடியில் போட வேண்டிய இரும்பைப் போடவில்லை, அல்லது போட்டது துருப்பிடித்துப் போய்விட்டது.

டாப்பைத் திறந்த பிறகும் தலைக்கு மேலே குறுக்கே வளைவுக் கம்பி நிற்கிற கார்களை அசிங்கம் என்று ஒதுக்குகிறார்களே, அதுவும் சரியில்லை. ஸ்டுட்கார்ட்டின் பாவர் நிறுவனம் பிஎம்டபிள்யூ 3 சீரிஸில் அப்படித்தான் செய்தது. கார்மன் நிறுவனம் தயாரித்த ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் கேப்ரியோலேவுக்கு அந்தக் கம்பியால் ஜெர்மனியில் ஸ்ட்ராபெரிக் கூடை என்றே பெயர். பாடிக்கு வலுவும் உருண்டால் தலைக்குப் பாதுகாப்பும் அந்தக் கம்பியால்தான் கிடைக்கிறது, நானாக இருந்தால் அப்படி ஒரு காரைத்தான் முதலில் தேடுவேன்.

கடைசியாக, சொந்தமாக வெட்ட நினைப்பவர்களுக்கு: கூரையில் ரம்பம் வைக்கும் முன் கதவு வாசல்களுக்குக் குறுக்கே தற்காலிகச் சட்டங்களை வெல்டு செய்துவிடுங்கள், அதுவும் கார் தன் நான்கு சக்கரத்தில் சமமாக நிற்கும்போது. தூக்கி வைத்த நிலையில் வெட்டி, வளைந்த பாடியின் மேலேயே தகடு ஒட்டினால் அந்த வளைவு நிரந்தரமாகிவிடும், அதற்குப் பிறகு எந்தக் கதவும் அதன் இடத்தில் உட்காராது. டாப் மடிந்து இறங்கும் பள்ளத்தில் தண்ணீர் வெளியேறும் துளைகளை மறக்காதீர்கள், அங்கே தேங்குகிற தண்ணீர் நேராக நீங்கள் புதிதாகப் போட்ட அந்தச் சில் தகட்டுக்குள்தான் இறங்கும்.