ஒரே தேதியில் நாலு விசேஷமா? கூகுள் ஷீட்ஸில் பட்டியல் போடுவது எப்படி

எங்கள் வேளச்சேரி குடியிருப்பில் மாதாமாதம் விசேஷ நாட்களின் பட்டியலை லிஃப்ட் பக்கத்தில் ஒட்டுவது என் வேலை. ஒரு ஏப்ரலில் 14ஆம் தேதிக்கு நேராகத் தமிழ்ப் புத்தாண்டு மட்டும் இருந்தது. மூன்றாம் மாடி அண்ணன் பார்த்துவிட்டு, "அம்பேத்கர் பிறந்தநாள் எங்கே தம்பி?" என்றார். ஷீட்டில் எழுதித்தான் வைத்திருந்தேன், தாளில் வரவில்லை. நான் போட்டிருந்தது விலுக்கப் (VLOOKUP), தேதியைத் தேடி அதற்கு நேரான வரியை எடுத்துத் தரும் ஃபார்முலா. முதலில் அகப்படும் வரியோடு அது நின்றுவிடும்.

அதனால் புதிதாகப் போட்ட முறை இது. கூகுள் ஷீட்ஸ் போதும். பண்டிகைச் செயலிகள் எனக்கு ஆகாது, விளம்பரத் தொல்லை.

படி 1: முதல் தாளில் மூன்று பத்திகள்: தேதி, விசேஷம், வகை (ஆண்டுதோறும் தேதி மாறாததா, மாறுவதா). விசேஷத்துக்கு ஒரு வரி; தேதிக்கு ஒரு வரி அல்ல. 2025 அக்டோபர் 2 என்றால் காந்தி ஜெயந்தி, சாஸ்திரி பிறந்தநாள், காமராசர் நினைவுநாள், விஜயதசமி என்று நான்கு வரிகள்.

படி 2: தேதியை அடிக்கும் முன் நில்லுங்கள். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மல்லுக்கட்டியது இங்கேதான். ஷீட்டின் லொகேல் (எந்த நாட்டு வழக்கப்படி தேதியைப் படிப்பது என்ற அமைப்பு) அமெரிக்கா என்று இருந்தால் மாதத்தை முன்னால் படிக்கும். 2/10 என்று அடித்தேன். காந்தி ஜெயந்தி பிப்ரவரி 10க்குப் போய்விட்டது. 14/4 இன்னும் மோசம். பதினான்காவது மாதம் கிடையாது அல்லவா, அதை வெறும் எழுத்தாக இடப்பக்கம் ஒட்டி வைத்துக்கொண்டது. வலப்பக்கம் ஒட்டி நின்றால் தேதி, இடப்பக்கம் என்றால் எழுத்து. ஃபைல், செட்டிங்ஸ், லொகேல் போய் இந்தியா என்று மாற்றுங்கள். ஏற்கெனவே அடித்தவை தாமாகத் திருந்தாது; திரும்ப அடிக்க வேண்டும்.

படி 3: இரண்டாம் தாளில் யுனீக் (UNIQUE), சார்ட் (SORT) ஃபார்முலாக்களைக் கொண்டு தேதிகளை ஒருமுறை மட்டும் வரிசைப்படுத்துங்கள். பக்கத்துக் கட்டத்தில் ஃபில்டர் (FILTER) ஃபார்முலா. அதை டெக்ஸ்ட்ஜாயின் (TEXTJOIN) ஃபார்முலாவுக்குள் வையுங்கள். ஃபில்டர் அந்தத் தேதியின் எல்லா விசேஷத்தையும் பொறுக்கும், டெக்ஸ்ட்ஜாயின் காற்புள்ளி போட்டுக் கோக்கும். கீழே இழுத்துவிட்டால் சரி.

படி 4: வகைப் பத்தி எதற்கு? அடுத்த ஆண்டுக்கு. 2024இல் தீபாவளியும் பட்டேல் பிறந்தநாளும் அக்டோபர் 31இல் சேர்ந்து வந்தன. 2025இல் பட்டேல் அங்கேயே இருந்தார், தீபாவளி 20க்கு வந்துவிட்டது. பொங்கல்கூட 2025இல் ஜனவரி 14, 2026இல் 15. எனவே "மாறாதது" என்று குறித்த வரிகளில் மட்டும் ஆண்டை மாற்றுங்கள். மற்றவற்றைத் தினசரி காலண்டரைப் பார்த்துக் கையால் அடிப்பதுதான் நல்லது. இதற்கும் ஃபார்முலா தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

பின்சேர்க்கை: ரம்ஜானுக்கு என்ன செய்வது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். 2024இல் கேரளத்தில் ஏப்ரல் 10, சென்னையில் 11. பிறை தெரிந்து தலைமை காஜி அறிவிக்கும்வரை எந்தக் காலண்டரையும் நம்பிப் பயனில்லை. ஷீட்டில் உத்தேசத் தேதி வைத்திருக்கிறேன். ஒட்டும் தாளில் அந்த இடம் மட்டும் காலி. முதல் நாள் ராத்திரி ஸ்கெட்ச் பேனாவோடு லிஃப்டுக்குப் போவேன்.