எக்சோரா மஞ்சளான கதை

பென்சன் எடுத்த முதல் மூன்று மாதமும் பேப்பரைத் திருப்பித் திருப்பி வாசித்ததுதான் வேலை. மனிசியின் கரைச்சல் தாங்காமல் பூச்சாடிகளில் இறங்கினேன். 12 எக்சோரா, அதுதான் வெட்சிப் பூச்செடி, வைத்தேன், கொஞ்ச நாளில் புது இலையெல்லாம் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. பசளை காணாதாக்கும் என்று யூரியாவை அள்ளிப் போட்டேன், விசர் வேலை, இலையோரம் கருகியதுதான் மிச்சம்.

ஒருநாள் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்ததைப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் இருந்து வருவது, அதையே நாளும் ஊற்றினால் சாடி மண் காரமாகிவிடும், அப்புறம் மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது.

சரி என்று ஐப்பசி மழைக்கு முன் கூரைப் பீலிக்குக் கீழே தண்ணீர் பிடிக்க ஒரு பரல் வைத்து, நுளம்பு முட்டையிடாமல் வாயை வலையால் இறுக்கிக் கட்டினேன். மேல்மண்ணை வழித்தெடுத்து உக்கிய இலையைப் போட்டு, மழைத்தண்ணீர் மட்டுமே விட்டேன். மஞ்சளானவை உதிர்ந்தன, தைப்பொங்கலுக்குள் வந்த இலைகள் நல்ல கரும்பச்சை. 9 சாடி தப்பியது. பங்குனி வெயிலுக்குப் பரல் வற்றிவிடும், இரண்டாவதுக்கு இடம் பார்க்கிறேன், மனிசிதான் விடுகிறா இல்லை.